பதினாறு துண்டுகளும் ஒரு காரணமும்

சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து வந்த ஒருவர் கொழும்பில் தங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்கென்று பொலிஸ் பதிவுப் படிவத்தில் ஒரு நிரல் இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சொந்த ஊர் எது, அடையாள அட்டை இலக்கம் என்ன, எப்போது வந்தார்கள் என்று எழுதிக்கொண்டு போனால் ஆறாவதாக அது வரும். படிப்பு, வைத்தியம், வேலை, வெளிநாட்டுப் பயணம் ஆகிய நான்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. சொந்த நாடு என்பதால் இருக்கிறேன் என்று யாரும் எழுதிப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் மேலதிக விளக்கம் கேட்டிருப்பார்கள்.

நான் முப்பத்து நான்கு வருஷம் ஒரு திணைக்களத்தில் வேலை பார்த்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவள். படிவங்களோடு எனக்குப் பகை இல்லை. ஒரு நிரல் காலியாகக் கிடந்தால் எனக்கும் கை துருதுருக்கும். ஆகவே என் வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த பெண்ணுக்கு ஆறாவது நிரல் காலியானபோது, அவளைவிட நான்தான் அதிகம் பதறினேன்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் கனடாவில். இரண்டு வருஷமாக அவளுடைய நிரலில் ‘வெளிநாடு செல்லக் காத்திருக்கிறார்’ என்று இருந்தது. பிறகு தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிக மரியாதையான ஆங்கிலத்தில், மூன்று பந்திகளில், முடியாது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த முறை பதிவைப் புதுப்பிக்கப் போனபோது சார்ஜன்ட் விசா என்னவாயிற்று என்று கேட்டார். இவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவர்களை நான் பொதுவாக அலுவலகங்களுக்குத் தனியே அனுப்புவதில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

சார்ஜன்ட் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு கிழமை தந்தார். அதற்குள் வேறு காரணம் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார். ஊர் இருந்தது. ஆனால் அவளுடைய வீடு இருந்த ஒழுங்கையில் ஒரு முனையில் ஒரு தரப்பும் மறுமுனையில் மற்றத் தரப்பும் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

“வைத்தியம் எண்டு போடுவமோ?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே அன்ரி.”

“பிரஷர் ஆருக்குத்தான் இல்லை?”

“உங்களுக்கு இருக்கு. எனக்கு இல்லை.”

அவள் தையல்காரி. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பெண்களின் சட்டைகளை அவள்தான் தைத்தாள். ஆனால் பின்னறையில் கைமெஷினைச் சுற்றிச் சட்டை தைப்பது வேலை ஆகாது. வேலை என்றால் முத்திரை குத்திய ஒரு காகிதம் வேண்டும். வீட்டுக்காரியான நான் கடிதம் தரலாம். வீட்டுக்காரியின் கடிதம், வாடகை போய்விடும் என்ற பயத்தில் எழுதியது என்று எந்த அதிகாரியும் ஊகிப்பார். நான் அந்தக் கதிரையில் இருந்தாலும் அப்படித்தான் ஊகிப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவள் கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போனாள். கொழும்புச் சைவர்களில் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. ஒரு விண்ணப்பத்தை இரண்டு திணைக்களங்களுக்கு அனுப்பி வைப்பது போல. திரும்பி வரும் வழியில் ஒரு சந்துக்குள் பலகை ஒன்றைக் கண்டாளாம்: வீட்டிலிருந்து தைக்கத் தெரிந்த பெண்கள் தேவை. அடுத்த நாள் நானும் கூடப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது.

அது ஒரு நீண்ட கொட்டகை. நடுவில் ஒரு அழுத்தும் யந்திரம். கீழே துணிகளை எட்டுப் பத்து மடிப்பாக அடுக்கி, அதன்மேல் கூரான விளிம்புள்ள ஒரு இரும்பு அச்சை வைத்து யந்திரத்தை இறக்கினால், பிஸ்கட் வெட்டுவது போல ஒரே அடியில் துண்டுகள் விழுந்தன. சாய்சதுரம், சதுரம், முக்கோணம். ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்தால் மயிரிழை வித்தியாசம் கிடையாது. இவற்றைப் பொருத்தித் தைத்தால் பன்னிரண்டு அங்குலக் கட்டம் ஒன்று வரும். கட்டங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. வெளிநாட்டில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் ஒட்டுப்போர்வை தைக்கிறார்களாம். இப்போது அங்கே தைக்க நேரமில்லை, அதனால் கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கிறது.

மேற்பார்வை பார்த்தவள் மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஊன்றியவள். வாயில் வெற்றிலை, கழுத்தில் அளவுநாடா. கண்ணாடி போட்டுச் சேலை கட்டிய என்னைப் பார்த்ததும் டீச்சர் என்று முடிவு செய்துவிட்டாள். மறுத்துப் பிரயோசனம் இல்லை.

“இந்தாங்க, மாதிரி ஒண்ணு தச்சுக் கொண்டாங்க,” என்று ஒரு பொட்டலத்தைத் தந்தாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆளுக்கு ஒரு பொட்டலம்தான். கெட்டுப்போச்சுன்னா வேற கேக்கப்படாது. தையலுக்கு உட்டுத்தான் அச்சுல வெட்டியிருக்கு. கால் அங்குலம். கூடவும் வேணாம், கொறயவும் வேணாம். வெளங்குச்சா?”

“சரியாய் வந்தால் வேலை தருவியளோ?” என்று இவள் கேட்டாள்.

“சரியா வந்தா நீங்க வேணாம்னாலும் நாங்க விடமாட்டோம். எல்லாரும் சரின்னுதான் கொண்டாறாங்க.”

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து நான் எண்ணிப் பார்த்தேன். பூப்போட்ட சிவப்பிலும் நீலத்திலும் எட்டுச் சாய்சதுரங்கள், வெள்ளையில் நான்கு சதுரங்கள், நான்கு முக்கோணங்கள். மொத்தம் பதினாறு. ஆனால் சாய்சதுரங்களின் கூர் முனைகளும் முக்கோணங்களின் முனைகளும் வெட்டப்பட்டு மொட்டையாக இருந்தன. நட்சத்திரம் தைக்கத் தந்த துண்டுகளுக்கு முனை இல்லை என்றால் அது வழங்கலில் குறைபாடு. பிற்பாடு பழி எங்கள்மேல் வராதிருக்க, உடனே ஒரு கடிதம் வரைந்தேன். ஒவ்வொரு வடிவத்தையும் நீளத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று இலக்கமிட்டு, இரண்டு பிரதிகள் எடுத்தேன்.

அவள் அந்தக் கடிதத்தை மரியாதையோடு வாசித்தாள். பிறகு இரண்டு சாய்சதுரங்களை முகத்தோடு முகம் வைத்துக் காட்டினாள். மொட்டை முனைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சொட்டாகப் பொருந்தின.

“கூர் இருந்தால் எங்கை தொடங்கிறதெண்டு தேடவேணும் அன்ரி. இப்ப தேடத் தேவையில்லை. வெட்டினவன் மூளைசாலி.”

கடிதத்தை நான் கோப்பில் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அவள் தைக்கத் தொடங்கினாள். இங்கேதான் எங்கள் இருவரின் நேர்மையும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டையைத் தைத்து வாங்கினால், போட்டுப் பார்ப்பதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது? ஒரு அங்குலம் விட்டிருந்தால் நல்ல தையல்காரி. பிள்ளை பெற்றாலும், பெற்ற பிள்ளை வளர்ந்து அதே சட்டையைப் போட்டாலும் பிரித்துப் பெரிதாக்கலாம். கால் அங்குலம் விட்டவள் துணியில் கைவைத்தவள். அவளிடம் மறுபடி யாரும் துணி கொடுப்பதில்லை. இருபது வருஷமாக நல்ல பெயரோடு தைத்த ஒருத்திக்குக் கால் அங்குலத்தில் மெஷினை ஓட்டக் கை வரவில்லை.

“அவ சொன்னது கேட்டது அன்ரி. ஆனால் கால் அங்குலத்திலை ஒரு இழுவை இழுத்தால் பிஞ்சிடும். அரை அங்குலம் விடுறன். உறுதியாய் இருக்கும்.”

“உறுதி நல்லதுதானே,” என்று நானும் சொன்னேன். எழுத்தில் தராத அறிவுறுத்தல் அது. எழுத்தில் இல்லாததை நான் அறிவுறுத்தலாகவே கணக்கெடுப்பதில்லை.

மத்தியானத்துக்குள் எட்டுச் சாய்சதுரங்களும் சேர்ந்தன. நடுவில், எட்டுத் தையல்களும் கூடுகிற இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு. வெள்ளைச் சதுரங்களை வைத்தபோது அவை நட்சத்திரத்தின் பக்கங்களைவிட நீளமாக இருந்தன. சாய்ந்த வடிவம் அரை அங்குலத்துக்கு அதிகம் சுருங்கும், நேரான வடிவம் அவ்வளவு சுருங்காது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அவள் இழுத்துப் பொருத்தித் தைத்து முடித்தாள். மேசையில் விரித்தால் கட்டம் விரியவில்லை. கிண்ணம் போலக் குவிந்து நின்றது. என் அலுவலக இரும்புக் கோலால் அளந்தேன். சுற்றிவரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்துப் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் பத்தே முக்கால்.

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தபடி கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான் கெடுத்துப்போட்டன்,” என்றாள். “வேறை பொட்டலமும் தராயினம். இனி ஊருக்கு எந்தக் கப்பலிலை போறதெண்டு பாருங்கோ.”

தரைப்பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல்தான்; அதன் அனுமதிக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதை அப்போது சொல்லாமல் இருந்ததை என் உத்தியோக வாழ்க்கையின் சிறந்த மௌனங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

பிறகு அவள் எழுந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். இதற்குப் பிறகு நடந்ததை நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு அலுவலகத்திலும் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

தையலை அவள் பிய்க்கவில்லை. ஒரு பக்கத்தில் நான்கு தையலுக்கு ஒரு தையலாக நூலை வெட்டிக்கொண்டு போனாள். மறுபக்கத்தில் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். நூல் முழுசாகக் கழன்று வந்தது, துணி அசையவில்லை. ஆனால் துண்டுகள் பிரிந்ததும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அரை அங்குலத்தில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. கால் அங்குலத்தில் திரும்பத் தைத்தால் அந்த ஓட்டைகள் கட்டத்தின் முகத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நிற்கும். போதாததற்கு, இழுத்துத் தைத்ததில் சாய்சதுரங்களின் பக்கங்கள் நெளிந்துபோயிருந்தன.

“அன்ரி, அந்தக் கடிதம் எங்கை?”

“எந்தக் கடிதம்?”

“முனை இல்லையெண்டு எழுதினியளே. அந்தப் படங்கள் வேணும்.”

இணைப்பு ஒன்று முதல் மூன்று வரை எடுத்துக் கொடுத்தேன். அரசாங்கத்துக்கு நான் தயாரித்த ஆயிரக்கணக்கான இணைப்புகளில் எதையும் யாரும் இவ்வளவு அவசரமாகக் கேட்டதில்லை. அவள் மூன்று படங்களையும் பலகையில் ஒட்டினாள். மத்தியானச் சோற்றில் வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினாள். ஒவ்வொரு துண்டையும் வெறும் தண்ணீரில் நனைத்து, ஓட்டை இருந்த வரியில் விரல்நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லச் சுரண்டினாள். இழைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து பழைய இடத்துக்குப் போயின. ஓட்டைகள் மூடிக்கொண்டன. பிறகு துண்டைப் படத்தின்மேல் கிடத்தி, பென்சில் கோட்டைத் தொடும்வரை விரல்நுனியால் தட்டித் தட்டி உள்ளே தள்ளினாள். ஈரம் பாதி காய்ந்ததும் கஞ்சியைத் தடவினாள். கடைசியில் அயன் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்தாள்.

“இழுத்தால் திரும்ப நெளிஞ்சிடும்,” என்றாள். என்னிடம் சொன்னாளா தனக்கே சொன்னாளா தெரியாது.

பதினாறு துண்டும் பிளாஸ்டிக் தகடு மாதிரி விறைத்து, அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்தவை போலக் கிடந்தன.

இரண்டாம் முறை அவள் என் இரும்புக்கோலை வாங்கி, ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி மெஷின் தகட்டில் பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டினாள். துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டு போக வேண்டும். முதலில் இரண்டு இரண்டாகச் சாய்சதுரங்கள். பிறகு நான்கு நான்காக. கடைசியில் இரண்டு அரை நட்சத்திரங்களை ஒன்றாக. வெளி முனைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது ஒவ்வொரு தையலையும் நிறுத்தினாள். அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள்.

“ஏன் முழுக்கத் தைக்கேல்லை?”

“சதுரம் வந்து மூலைக்குள்ளை இருக்கவேணுமெல்லோ. கதவு திறந்திருந்தால்தானே உள்ளுக்கை வரலாம். சட்டையிலை அக்குள் துண்டு வைக்கிறதும் இதே வேலைதான் அன்ரி. நீங்கள் போட்டிருக்கிற சட்டையிலையும் இருக்கு. ஒரு நாளும் பாக்கேல்லையோ?”

உண்மையில் பார்த்ததில்லை. அறுபது வருஷமாகச் சட்டை போடுகிறேன்.

சதுரத்தின் ஒரு பக்கத்தைப் புள்ளிவரை தைத்தாள். ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுத் துணியைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தைப் புள்ளியிலிருந்து வெளியே தைத்தாள். நான்கு சதுரம், நான்கு முக்கோணம், ஒன்றிலும் சுருக்கம் விழவில்லை. கடைசியாகக் கட்டத்தைக் கவிழ்த்து, நடுவில் கூடிய தையல்களை எல்லாம் ஒரே பக்கமாகச் சரித்து விசிறி போல விரித்து அழுத்தினாள். கொட்டைப்பாக்கு காணாமல் போயிற்று. நான் அளந்தேன். பன்னிரண்டரை. மறுபக்கம் அளந்தேன். பன்னிரண்டரை. மூலைக்கு மூலையும் அளந்தேன்.

“போதும் அன்ரி, கோல் தேஞ்சிடும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை கட்டத்தை இரண்டு கோப்பு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கோப்பைத் திறந்த ஆமிக்காரன் நட்சத்திரத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், நாடாவை நாங்கள் கட்டியதைவிட ஒழுங்காகக் கட்டித் தந்தான்.

மேற்பார்வைக்காரி கட்டத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் முதுகைத்தான் பார்த்தாள். தகர அளவுச் சட்டத்தை வைத்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“கஞ்சி வாசம் வருதே. நாங்க கஞ்சி போட்டுக் குடுக்கலியே. இத பிரிச்சுத் தச்சீங்களா?”

நான் பொருத்தமான ஒரு வாசகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இவள், “ஓம். முதல் அரை அங்குலம் விட்டுத் தைச்சுப்போட்டன். உள்ளுக்கை துணி விட்டுத்தான் எனக்குப் பழக்கம்,” என்றாள்.

“அரை அங்குலமா? எதுக்கு? போர்வை என்ன முழுகாம இருக்கா, பின்னாடி பெருசாக்கறதுக்கு?”

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மேற்பார்வைக்காரி மறுபடியும் கட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஓட்டை ஒண்ணும் காணோமே. எப்புடி மூடுனீங்க?”

“நகத்தாலை.”

“நகத்தாலயா!” என்று அவள் பக்கத்தில் நின்றவளிடம் கட்டத்தை நீட்டினாள். “பாருடி, நீங்கள்லாம் கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னு கூடையில போடுறீங்களே.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “சரி. திங்கக்கெழமையில இருந்து பொட்டலம் வாங்கிக்கலாம்,” என்றாள்.

அப்போது நான் பொலிசுக்குக் காட்ட ஒரு வேலைக் கடிதம் கேட்டேன்.

“கடிதம் மட்டும் கேக்காதீங்க டீச்சர். வீட்டுல தைக்கிறவங்களுக்கு மொதலாளி கடிதம் குடுக்க மாட்டாரு. அதுவும் யாழ்ப்பாணம்னா தொடவே மாட்டாரு. பயம். வேல குடுப்போம், அட்ட குடுப்போம், அவ்வளவுதான்.”

“என்ன அட்டை?” என்று நான் கேட்டேன்.

மஞ்சள் நிறத்தில் ஒரு விநியோக அட்டை. மேலே பட்டறையின் பெயர் அச்சிட்டிருந்தது. தைப்பவர் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கொடுத்த பொட்டலங்கள், திருப்பித் தர வேண்டிய திகதி, கையொப்பம், முத்திரை. நான் அதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தேன். இந்த நாட்டில் ஒரு மனிதரின் இலக்கமும் ஒரு திகதியும் ஒரு முத்திரையும் ஒரே காகிதத்தில் இருந்தால், அது கடிதத்தைவிட மேல். கடிதம் வெறும் அபிப்பிராயம்.

“அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுங்கோ,” என்றேன்.

“அதெல்லாம் நாங்க நெரப்புறதில்ல.”

“இடம் விட்டிருக்குதே. காலியாய் விடக்கூடாது.”

“டீச்சர்மாரோட பேசி முடியாது,” என்று எழுதினாள். “பொட்டலம் இருபது. ஒரு மாசம்.”

ஒரு மாதம் என்றால் பதிவும் ஒரு மாதம். அடுத்த மாதம் மறுபடி வர வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் ஒரு அடி முன்னே வந்தாள்.

“அறுவது தாங்கோ. மூண்டு மாதம்.”

“புதுசா வர்றவங்களுக்கு இருபதுக்கு மேல குடுக்கறதில்லம்மா. துணியக் கெடுத்துட்டா?”

“கெட்டதை நான் என்ன செய்வன் எண்டு பாத்திட்டியள்தானே.”

மேற்பார்வைக்காரி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். இன்னொரு முறை கட்டத்தைக் கவிழ்த்து அந்த விசிறியைப் பார்த்தாள். இருபதை வெட்டி அறுபது என்று எழுதினாள். வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னேன். அதையும் வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் பட்டறையில் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்ததும், பொலிஸ் நிலையத்துக்கு நானும் போனேன். சார்ஜன்ட் மஞ்சள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். “மே மொனவத?” என்று கேட்டார். இவை என்ன என்று. இவளிடம் இருந்த சிங்களம் கடைக்குக் காணுமே தவிர நிலையத்துக்குக் காணாது. நான் விளக்கத் தொடங்கினேன். அவள் பைக்குள்ளிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து, அவருடைய மேசைக் கண்ணாடியில் எட்டுச் சாய்சதுரங்களையும் வட்டமாக அடுக்கினாள். நட்சத்திரம் வந்தது. நான்கு சதுரத்தையும் நான்கு முக்கோணத்தையும் சுற்றி வைத்தாள். கட்டம் வந்தது. பிறகு வலது கையால் மெஷினைச் சுற்றுவது போலக் காற்றில் சுற்றிக் காட்டினாள்.

அவர் துண்டுகளைக் கலைக்காமல் படிவத்தை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அட்டையில் இருந்த இலக்கத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். திருப்பித் தரவேண்டிய திகதியைப் பார்த்தார். ஆறாவது நிரலில் ஒரு சொல் எழுதி, பக்கத்தில் அந்தத் திகதியையே எழுதினார். “ஹொந்தாய்,” நல்லது என்று சொல்லி முத்திரையை ஊதிக் குத்தினார்.

வெளியே வந்ததும் அவள் படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

“என்ன எழுதியிருக்கிறார்?”

“மெஹும். தையல் எண்டு.”

“வேறை ஒண்டும் இல்லையோ? காத்திருக்கிறா, கீத்திருக்கிறா எண்டு?”

“தையல் மட்டும்தான்.”

அவள் அதை வாங்கித் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை நிதானமாகப் பார்த்தாள். என் கடமையை நான் செய்ய வேண்டியிருந்தது. அறுபது கட்டமும் முடிந்து அட்டை திரும்பிப் போகிற நாளில் காரணமும் முடிந்துவிடும், ஆகவே கெட்டித்தனத்தைக் காட்டி ஒரு மாதத்தில் முடித்துவிட வேண்டாம் என்று எச்சரித்தேன்.

“மெதுவாய்த் தைக்க எனக்குத் தெரியாது அன்ரி,” என்றாள். “அறுவதும் முடியமுன்னம் போய் இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டு வாறன்.”

காலி வீதியைக் கடக்க வாகனங்கள் விடவில்லை. அவள் பொட்டலங்கள் நிறைந்த பையை மறுதோளுக்கு மாற்றிவிட்டு, கையை நீட்டி ஒரு பஸ்ஸையே நிறுத்தி, என்னை அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.